இரண்டு தடவை விழுந்த மூன்று

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் சராசரி. ஒரு பெண்ணை இப்படியா கூப்பிடுவது என்று புதிதாக வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. உள்ளூரப் பெருமை என்றுகூடச் சொல்லலாம். பாதி நாள் லிஃப்ட் ஓடாத ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில், ஏழு பேர் உட்கார்ந்து நடத்தும் செய்தித் தளம் அது. சொந்தமாக ஒரு வரி எழுதமாட்டார்கள். ஊரில் உள்ள பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி அத்தனையிலும் வருகிற அரசியல் செய்திகளைப் பொறுக்கி ஒரே பக்கத்தில் அடுக்கிவைப்பார்கள். ஒரு தலைவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடும் கட்டுரைக்குப் பக்கத்திலேயே அவரைக் கிழித்துத் தொங்கவிடும் கட்டுரையும் இருக்கும். இந்தத் தலைப்புகளை அடுக்குகிறவனை எல்லோரும் தலைப்பு என்பார்கள். தேர்தல் நேரத்தில் வருகிற சர்வேக்களை எல்லாம் வாங்கி, அட்டவணையில் போட்டு, கூட்டி வகுத்து, யாருக்கு எத்தனை சதவீதம் என்று சொல்கிறவள் சராசரி.

தலைப்புகளுக்காக அந்தத் தளத்துக்கு வருகிறவர்கள் குறைவு. ஜனங்கள் வருவது அந்த அட்டவணைக்காகத்தான். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் அதைப் பார்க்கிறவர்கள் உண்டு. தங்கள் ஆள் அரைப் புள்ளி ஏறினால் உச்சி குளிர்ந்துபோவார்கள். இறங்கினால் தளத்தை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று கடிதம் எழுதுவார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் திட்டு வந்தால் நாம் சரியாக இருக்கிறோம் என்று அர்த்தம் என்பார் ஆசிரியர். அவர் அப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொள்வார்.

சராசரிக்கு வயது நாற்பத்து மூன்று. இதற்கு முன் பத்து வருடம் ஒரு பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணையை அச்சுக்கு முன் சரிபார்க்கும் வேலை பார்த்தவள். ஆறு ஐம்பது என்பதை ஆறு பத்து என்று அச்சடித்துவிட்டால் நாற்பது நிமிடம் ஜனங்கள் சாலையோரம் கால் கடுக்க நிற்பார்கள். அந்தப் பயம் அவள் கைவிரலில் ஊறிப்போயிருந்தது. எண்களின் மேல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இங்கே வந்த ஆறு வருடத்தில் அவள் போட்ட எண் ஒன்றுகூடத் தப்பானதில்லை. ஒரு முறை தலைப்பு அவசரத்தில் ஒரு எண்ணைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி, ஊரே கைகொட்டிச் சிரித்தபோது, அவள்தான் உட்கார்ந்து ஒரு விதி எழுதினாள். அட்டவணையில் ஏறிய எதையும் ஒருத்தராக மாற்றக்கூடாது. கண்டுபிடித்தவர் ஒருவர், மாற்றுகிறவர் இன்னொருவர், நடுவில் சர்வே நிறுவனத்திடமிருந்து எழுத்தில் ஒரு கடிதம். ஆசிரியர் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். சட்டத்தின் கண்ணாடியில் அவள் முகம் தெரியும்.

இவ்வளவு ஒழுங்கான மனுஷி ஒரு பொய் சொல்லியிருந்தாள். பெரிய பொய்.

அவளுடைய அண்ணன் குழாய் வேலை செய்கிறவர். அப்பா போனபோது அவளுக்குப் பதினொன்று, அவருக்குப் பத்தொன்பது. பள்ளியை மறந்துவிட்டு ரெஞ்சைத் தூக்கியவர், அவளைப் படிக்கவைத்து, வேலையில் உட்கார்த்தி, கல்யாணமும் பண்ணிவைத்தார். நாற்பத்து மூன்று வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான். எதற்காகப் போன் செய்தாலும், வைப்பதற்கு முன் “சாப்ட்டியா பாப்பா?” என்று கேட்காமல் வைத்ததில்லை. மாலை நாலு மணிக்கும் அதே கேள்விதான். அந்த நேரத்தில் யாராவது சாப்பிடுவார்களா என்று அவளும் யோசிக்காமல் “சாப்ட்டேண்ணா” என்பாள்.

முப்பது வருடம் வீடுவீடாகத் தரையைத் தோண்டியதில் அவருக்கு ஒன்று தெரிந்துபோனது. இந்த நகரத்துக்கு அடியில் ஓடும் குழாய்களில் பாதி அழுகிவிட்டன. எந்தத் தெருவில் சாக்கடையும் குடிநீரும் கைகோத்துக்கொண்டு ஓடுகின்றன என்று அவரால் விரல்விட்டுச் சொல்ல முடியும். மனுப் போட்டார், யாரும் காது கொடுக்கவில்லை. பிறகு நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஏணிச் சின்னத்தில் ஒரு கட்சியைத் தொடங்கி, நகரத் தலைவர் பதவிக்கே நின்றுவிட்டார். முதல் தடவை ஒரு சதவீதம், இரண்டாம் தடவை இரண்டு. வாஷர் மாற்ற வந்திருக்கிறார் என்று மேடைகளில் கிண்டலடித்தார்கள். இந்த மூன்றாவது தடவையில் ஊரின் ஒரு பக்கத் தெருக்கள் முழுக்கக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அவர் சொன்ன அதே தெருக்கள். திடீரென்று ஜனங்கள் குழாய்க்காரரைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். இதுதான் கடைசி, இந்தத் தடவையும் நம் பேச்சு ஊருக்குள் போகாவிட்டால் ஏணியை மடித்துச் சுவரில் சாய்த்துவிடலாம் என்று கட்சிக்காரர்கள் ஐம்பது பேரும் முடிவு செய்திருந்தார்கள்.

ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னும் அலுவலகத்தில் ஒரு தாள் தருவார்கள். உறவினர் யாராவது போட்டியிடுகிறார்களா என்று ஒரு கேள்வி இருக்கும். இருந்தால் அட்டவணையை இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். சராசரி ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். உண்மையை எழுதினால் அட்டவணை தலைப்பின் கைக்குப் போய்விடும். கணவர் வெளியூரில், மகள் விடுதியில். அவளுக்கென்று இருந்தது அந்த அட்டவணை ஒன்றுதான். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்து நினைத்தே மூன்று மாதம் ஓடிவிட்டது. அண்ணன் ஒரு நாள், “என் நம்பர நீயா போடற? அது தப்பாச்சே பாப்பா” என்று கேட்டபோது, “இல்லண்ணா, உன் வரிய வேற ஒருத்தர் பாக்கறாரு” என்றாள். ஆக, இரண்டு பக்கமும் பொய்.

இந்தப் பொய்க்குப் பரிகாரமாக அவள் ஒன்று செய்தாள். அண்ணன் விஷயத்தில் இரக்கமே காட்டக்கூடாது என்று முடிவு செய்தாள். ஒரு சர்வேயில் அவருக்கு ஆறு என்று வந்தபோது நிறுவனத்துக்குப் போன் போட்டு, எத்தனை பேரிடம் கேட்டீர்கள், எந்தத் தெருவில் கேட்டீர்கள் என்று குடைந்தெடுத்து, மூன்று தடவை சரிபார்த்த பிறகுதான் அட்டவணையில் ஏற்றினாள். மூன்று என்று வந்தபோது பார்த்த கையோடு ஏற்றிவிட்டாள். உண்மையைச் சொன்னால் அப்போது அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. குறைவாகப் போட்டதற்காக யாரும் அவளைக் கைகாட்டப் போவதில்லை. நேர்மை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். இப்போது நினைத்தாலும் ஆற்றாமையாக இருக்கிறது.

தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது தொலைக்காட்சியில் விவாதம். ஊரே பார்க்கும். மூன்று பெரிய கட்சிக்காரர்களுக்கும் நாற்காலி உறுதி. நாலாவது நாற்காலிக்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள். வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு இந்தத் தளத்தின் அட்டவணையில் ஐந்து சதவீதம் இருக்க வேண்டும். அட்டவணையில் இருப்பது கடைசி ஆறு சர்வேக்களின் சராசரி. நாலு தசம் ஒன்பது என்றாலும் வெளியேதான். குழாய்க்காரருக்கு இருந்தது நாலரை.

அந்த வியாழக்கிழமை மதியம் சராசரி டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு, சாப்பிடாமல், அந்த ஆறு எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு, ஐந்து, ஐந்து, ஐந்து, மூன்று, மூன்று. இருபத்தேழு. ஆறால் வகுத்தால் நாலரை. அண்ணன் காலையில் போன் செய்து, “பரவால்ல பாப்பா, வராதது வராது” என்றிருந்தார். அவர் குரலில் சுரத்தே இல்லை. அது அவளுக்கு மனதில் தைத்துவிட்டது. எதற்கு என்று தெரியாமலே அந்த இரண்டு மூன்றுகளின் மூலத்தாள்களையும் எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

ஒன்று ஒரு பத்திரிகை வெளியிட்டது. முதல் ஆளுக்கு நாற்பத்தொன்று, அடுத்தவருக்கு முப்பத்தெட்டு, மூன்றாமவருக்கு ஒன்பது, குழாய்க்காரருக்கு மூன்று, இன்னும் முடிவு செய்யாதவர்கள் ஒன்பது. இன்னொன்று ஐந்து நாள் கழித்து வானொலி வெளியிட்டது. நாற்பத்தைந்து, நாற்பத்திரண்டு, பத்து, மூன்று. பார்த்தால் இரண்டும் வேறு வேறு சர்வே. ஆனால் தாளின் அடியில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், கேட்கப்பட்டவர்கள் ஆயிரத்து நூற்று முப்பத்தேழு பேர் என்று இருந்தது. இரண்டிலும். கேட்ட தேதியும் ஒன்றேதான். நிறுவனமும் ஒன்றேதான். வானொலிக்காரர்கள் முடிவு செய்யாதவர்களைக் கழித்துவிட்டு மீதிப் பேரை நூறாக்கியிருந்தார்கள். அதனால் எல்லோருடைய எண்ணும் ஏறியது. மூன்று மட்டும் சின்ன எண்ணாக இருந்ததால் ஏறியும் மூன்றாகவே நின்றுவிட்டது.

ஒரே சர்வே. அதை இரண்டு தடவை ஏற்றியிருந்தாள்.

ஒரு மூன்றை எடுத்தால் அதற்கு முன்னால் வந்த சர்வே உள்ளே வரும். அதிலும் ஒரு ஆறு இருந்தது, அவள் மூன்று தடவை சரிபார்த்த அந்த ஆறு. முப்பது. ஆறால் வகுத்தால் ஐந்து. சரியாக ஐந்து. மணி இரண்டு பத்து.

ஆசிரியர் அறைக்கு ஓடினாள். “சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. ஒரே சர்வேய ரெண்டு தடவ போட்டிருக்கேன்.”

ஆசிரியர் இரண்டு தாள்களையும் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “நீங்களா? அதிசயமா இருக்கே. சரி, நிறுவனத்துல லெட்டர் வாங்குங்க. தலைப்பு மாத்தட்டும். நீங்க எழுதின ரூல்தானே?”

“நாலு மணிக்குள்ள ஆகணும் சார்.”

“ரெண்டு மணி நேரம் இருக்கே. ஒரு போன்தானே?”

அந்த ஒரு போன்தான் கிடைக்கவில்லை. சர்வே நிறுவனத்தில் எடுத்த பெண், கையெழுத்துப் போடுகிறவர் கூட்டத்தில் இருக்கிறார் என்றாள். எந்தக் கூட்டம், எங்கே என்று கேட்டால், அது தெரியாது மேடம் என்றாள். சராசரி மறுபடி போட்டாள். மறுபடியும். நாலாவது தடவை அந்தப் பெண்ணின் குரலில் சலிப்பு தட்டியது. “மேடம், சார் வந்ததும் மொதல் வேலையா சொல்றேன். நீங்க போன் பண்ணிட்டே இருந்தா நான் எப்படி அவருக்குப் போன் பண்றது?” அதுவும் நியாயம்தான். சராசரி போனை வைத்துவிட்டு வராண்டாவில் நடந்தாள். கீழே தெருவில் ஆட்கள் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். மணி மூன்று ஐந்து.

திரும்பி வந்தபோது ஆசிரியர் அவள் மேசைக்கு அருகில் நின்றிருந்தார். அவள் தொடாத டிபன் பாக்ஸைப் பார்த்தார். அவள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்ததையும் பார்த்தார்.

“என்னம்மா இது? தப்பு எல்லாருக்கும் வர்றதுதான். இதுக்கா இவ்ளோ பதட்டம்? என்ன, ஏணிக்கு ஓட்டுப் போடப்போறீங்களா?” என்று விளையாட்டாகக் கேட்டார்.

அவளுக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ. இல்லை, துணிச்சல் இல்லை. தாங்க முடியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

“அவர் என் கூடப்பிறந்த அண்ணன் சார்.”

ஆசிரியர் உட்கார்ந்துவிட்டார். தலைப்பு காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

“தாள்ல இல்லன்னு எழுதியிருக்கீங்களே,” என்றார் ஆசிரியர் மெதுவாக.

“பொய் சார்.”

“இப்ப நான் என்ன பண்ணட்டும்? நாலு மணிக்குக் கெடு, மூணே முக்காலுக்கு நாம திருத்தம் போடறோம், போட்டது தங்கச்சின்னு நாளைக்கு வெளிய வருது. யாராவது நம்புவாங்களா? உங்க அண்ணன் அந்த நாற்காலில உக்காந்தாலும் அவரைப் பேச விடுவாங்களா? குழாயப் பத்தி ஒரு வார்த்த எடுபடுமா?”

“நிஜமாவே தப்பு சார் அது. யாரு வேணா பாக்கலாம்.”

“தப்புன்னு எனக்குத் தெரியுது. லெட்டர் வரட்டும். லெட்டர் கையில இருந்தா நானே மாத்தறேன், யாரு கேட்டாலும் நானே பதில் சொல்றேன். லெட்டர் இல்லாம முடியாது.” அவர் கெட்டவர் இல்லை. தானே போனை எடுத்து அந்த நிறுவனத்தில் தனக்குத் தெரிந்த இரண்டு பேருக்குப் போட்டார். ஒருவர் ஊரில் இல்லை. இன்னொருவர் வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. பிறகு தொலைக்காட்சிக்குப் போட்டு, அரை மணி நேரம் பொறுக்க முடியுமா என்று கேட்டார். நாலு என்றால் நாலு, எல்லோருக்கும் ஒரே கணக்கு என்று அங்கிருந்து பதில் வந்தது.

மூன்று ஐம்பதுக்கு சராசரி தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அட்டவணை திறந்தே இருந்தது. கடவுச்சொல் அவளுடையது. அந்த வானொலி வரியைத் தேர்ந்தெடுத்து ஒரு விசையைத் தட்டினால் போதும், நாலரை ஐந்தாகிவிடும். ஒரு விநாடி வேலை. தலைப்பு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, நான் கேன்டீன் போறேன்,” என்றான் திடீரென்று. “நான் எதையும் பாக்கல. என்ன சொல்றேன்னு புரியுதில்ல?”

புரிந்தது. அவள் விரலை விசையின் மேல் வைத்தாள். எதிரே சுவரில் அந்தச் சட்டம். கண்ணாடியில் அவள் முகம். ரெஞ்சும் கையுமாக அண்ணன் வீடு திரும்புவது நினைவுக்கு வந்தது. விரல் நகமெல்லாம் கறுத்திருக்கும். ஆனால் இறுக்காத குழாய் இணைப்பை இறுக்கினேன் என்று ஒரு நாளும் சொல்லமாட்டார். தட்டிவிடு, தட்டிவிடு என்று உள்ளே ஒரு குரல் அடித்துக்கொண்டது. தட்டினால் அவர் திருட்டு நாற்காலியில் உட்காருவார். தட்டாவிட்டால் அவருடைய நாற்காலியை அவளே திருடியதாகும். எப்படிப் பார்த்தாலும் திருடி அவள்தான். கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க எவ்வளவோ முயன்றாள். மூன்று ஐம்பத்தெட்டு. மூன்று ஐம்பத்தொன்பது. போன் அடிக்கவில்லை.

நாலு.

தொலைக்காட்சிக்காரர்கள் அங்கிருந்தபடியே அட்டவணையின் நாலரையைப் படமெடுத்துக்கொண்டுவிட்டார்கள். அவள் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அழுகையும் வரவில்லை.

கடிதம் நாலு இருபத்தாறுக்கு வந்தது. “தாமதத்துக்கு மன்னிக்கவும், இரண்டும் ஒரே கணிப்புதான்” என்று இரண்டே வரி. ஆசிரியர் நாலு முப்பத்தொன்றுக்குத் தன் கையால் அந்த வரியை நீக்கினார். குழாய்க்காரர், ஐந்து. அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: ஒரு கணிப்பு தவறுதலாக இருமுறை சேர்க்கப்பட்டிருந்தது, திருத்தப்பட்டது. பிறகு அவள் பக்கம் திரும்பாமல், “நாளையிலேர்ந்து அட்டவணைய தலைப்பு பாத்துக்கட்டும்,” என்றார். அவள் தலையாட்டினாள். மூன்று மாதம் எதற்குப் பயந்தாளோ, அது நடந்தபோது அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

நாலு நாற்பதுக்கு அண்ணன் போன் செய்தார். பின்னால் ஒரே சத்தம். யாரோ மேசையைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“பாப்பா! பாத்தியா? அஞ்சு! இப்பத்தான் பசங்க காட்டினாங்க. திருத்தம்னு போட்டிருக்கு. இங்க குதிக்கிறாங்க பாப்பா, தரையே ஆடுது. நாற்காலி உண்டுதானே? நான் சட்டை கூட எடுத்து வச்சிட்டேன்.”

“இல்லண்ணா.”

“என்ன இல்ல?”

“நாலு மணிக்கு இருந்ததுதான் கணக்கு. நாலு மணிக்கு நாலரைதான் இருந்துச்சு. எங்க சார் டிவில கேட்டுப் பாத்தாரு. முடியாதுன்னுட்டாங்க.”

அவர் அறைக்கு வெளியே வந்திருக்க வேண்டும்; பாட்டுச் சத்தம் குறைந்தது.

“அப்ப அந்த நாலரையே தப்பா? ரெண்டு தடவ போட்டதால வந்ததா?”

“ஆமாண்ணா.”

“போட்டது யாரு?”

“நான்தான்.”

“என் வரிய வேற ஒருத்தர் பாக்கறாருன்னு சொன்னியே?”

“பொய் சொன்னேன்.”

அவர் கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. குழாய் எங்கே ஒழுகுகிறது என்று வீட்டுக்காரரிடம் விசாரிக்கிற அதே நிதானத்தில் கேட்டார்.

“எனக்கு ஆறு வந்துச்சே, அத எத்தனை தடவ சரிபாத்த?”

“மூணு தடவ.”

“மூணு வந்தப்ப?”

அவள் மேசைமேல் கிடந்த வானொலித் தாளை மடித்தாள்.

“பாப்பா, மூணு வந்தப்ப?”

“பாக்கலண்ணா. உனக்குக் கொறஞ்சா யாரும் என்னைச் சந்தேகப்பட மாட்டாங்கன்னு...”

“நான் உன்கிட்ட சலுகை கேக்கல பாப்பா. ஒரு நாளும் கேக்கல. மத்தவங்களுக்குப் பாக்கற மாதிரி எனக்கும் ஒரு தடவ பாத்திருக்கலாம்.”

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பாட்டு நின்றிருந்தது. யாரோ ஒரு கட்சிக்காரர், விஷயம் அதற்குள் அவர் காதுக்கும் எட்டிவிட்டது போலிருக்கிறது, அடித்தொண்டையில் கேட்டார். “அண்ணே, நம்ம வயித்துல அடிச்சிட்டாங்களே! யாருண்ணே இந்த வேலையப் பண்ணது? யாருன்னு மட்டும் சொல்லுங்க.”

“யாரோப்பா,” என்றார் அண்ணன். “நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல.”

சராசரி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் மூச்சு விடுவது கேட்டது. “சாப்ட்டியா பாப்பா?” என்று கேட்காமலே அவர் போனை வைத்தார்.